பொன்னாடையும் நந்தா விளக்கும்

உள்ளூர்க் குழுக்களின் பழைய ஆட்டக்காரர்களுக்கும், பயிற்சி கொடுத்தவர்களுக்கும் நாம் செய்கிற மரியாதை ஏன் ஒரு சாயங்காலத்துக்கு மேல் தங்குவதில்லை? கொஞ்ச நாளாக இதைப் பற்றிக் குறிப்பு எடுத்து வருகிறேன். விழா, அரசு விருது, சினிமா என்று மூன்றாகப் பிரித்துப் பார்த்தேன். மூன்றிலும் ஒரே கோளாறு: ஜெயிச்ச பையன் வழியாகத்தான் வாத்தியார் கண்ணுக்குத் தெரிகிறார்.

முதலில் விழா. ஃப்ளெக்ஸ், பொன்னாடை, கேடயம், குரூப் போட்டோ. மரியாதைக்குரியவர் மேடையில் ஓரத்து நாற்காலியில் இருப்பார். மைக் சிறப்பு விருந்தினர் கையில் இருக்கும். "தன்னலமற்ற சேவை" என்று ஒரு வாக்கியம் வரும். எந்த வருஷம், எந்த மைதானம், எத்தனை பசங்க, பந்துக்கும் வலைக்கும் காசு எங்கிருந்து வந்தது, எதுவும் வராது. பெயரை மட்டும் மாற்றினால் அதே பேச்சு எந்த ஊருக்கும் பொருந்தும்.

அடுத்து விருது. பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருது 1985-ல் தொடங்கியது. முதல் ஆண்டில் வாங்கியவர்களில் பி.டி. உஷாவின் பயிற்சியாளர் ஓ.எம். நம்பியாரும் ஒருவர். தகுதியான தேர்வு, சந்தேகமில்லை. ஆனால் அந்த விருதின் கணக்கு, மாணவர்கள் ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு மாதிரியான இடங்களில் வாங்கும் பதக்கத்தை வைத்துத்தான் ஓடுகிறது. பக்கத்து சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். பெங்களூரில் அவருக்குப் பயிற்சி கொடுத்த சத்யநாராயணாவின் பெயர் செய்திகளில் வந்தது, வரவேண்டியதும்தான். ஆனால் வாலிபால் ஆடிக்கொண்டிருந்த அந்தப் பையனை முதன்முதலில் உயரம் தாண்டிப் பார்க்கச் சொன்னவர் அவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். அவர் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? சங்கிலியின் கடைசிக் கண்ணிக்குத்தான் விருது. முதல் கண்ணிக்கு அதில் கட்டமே கிடையாது.

சினிமா இதைச் சரிசெய்திருக்கலாம். 'இறுதிச்சுற்று' (2016) பிரபு, சங்க அரசியலால் ஒதுக்கப்பட்டவர். 'கனா' (2018) நெல்சன், கிரிக்கெட் வாழ்க்கை பாதியில் நின்றுபோனவர். 'பிகில்' (2019) மைக்கேல், அப்பா கொலையான பிறகு கால்பந்தை விட்டவர். மூன்று பேரும் காயப்பட்ட முன்னாள் ஆட்டக்காரர்கள். மூவருமே வெளியிலிருந்து வருகிறார்கள். கடைசிப் போட்டியில் கோப்பையோடு அவர்கள் காயமும் ஆறிவிடுகிறது. படம் என்கிற அளவில் இவை வேலை செய்கின்றன, விசிலும் அடிக்கலாம். ஆனால் நிஜத்தில் உள்ளூர் பயிற்சியாளர் எங்கிருந்தும் வருவதில்லை. ஏற்கனவே அங்கேதான் இருக்கிறார். பதினைந்து வருஷம் இருக்கிறார். அவரிடம் ஆடியவர்களில் பெரும்பாலானவர்கள் எந்தக் கோப்பையும் வாங்காமல் வேலைக்குப் போகிறார்கள். அந்தப் பதினைந்து வருஷத்தைக் காட்ட நம்ம சினிமாவுக்குப் பொறுமை இல்லை.

இந்த மூன்றுக்கும் வெளியே எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் சின்னப்பம்பட்டி. டி. நடராஜன் டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்தவர். அவரைச் சென்னைக்குக் கொண்டுபோய் வழிகாட்டியவர் அதே ஊர் ஜெயப்பிரகாஷ். 2020 டிசம்பரில் கான்பெராவில் ஒருநாள், டி20, 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் என்று ஒரே பயணத்தில் மூன்று வடிவத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் நடராஜன். ஊர் திரும்பியபோது குதிரை பூட்டிய ரதத்தில் ஊர்வலம். அது ஊரின் சந்தோஷம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ரதம் ஒரு நாள் ஓடியது. நடராஜன் செய்த மரியாதை வேறு வகை. ஜெர்சியின் முதுகில் 'ஜேபி நட்டு' என்று போட்டுக்கொண்டு ஆடினார். 'ஜேபி' என்பது ஜெயப்பிரகாஷ். இரண்டு பேரும் சேர்ந்து ஊர்ப் பசங்களுக்கு அகாடமி தொடங்கினார்கள். அங்கிருந்து வந்த பெரியசாமி 2019 டிஎன்பிஎல் இறுதிப் போட்டியில் 15 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தார். 2023 ஜூனில் சொந்த ஊரிலேயே மைதானம் கட்டி, தினேஷ் கார்த்திக்கை அழைத்துத் திறந்தார்.

இதிலும் ஒரு விமர்சனம் உண்டு. சட்டையில் குருவின் பெயர், மைதானத்தில் நடராஜனின் பெயர். சட்டை ஒருநாள் கிழியும், மைதானம் நிற்கும். ஒரு பெவிலியனுக்காவது ஜெயப்பிரகாஷ் பெயர் வந்தால் நன்றாக இருக்கும். ஆனாலும் வாங்கியதை அடுத்த பசங்களிடம் சேர்ப்பதுதான் மரியாதை என்கிற அடிப்படையை அவர்கள் சரியாகப் பிடித்திருக்கிறார்கள்.

இது கருணாபுரத்தில் ஏன் முக்கியம்? 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அதிகம் அடிபட்ட பகுதி இது. பெற்றோரை இழந்த பிள்ளைகளின் படிப்புச் செலவை அரசு ஏற்பதாக அறிவித்தது. படிப்புக்கு ஒரு கணக்கு இருக்கு, சாயங்காலத்துக்கு இல்லை. விளையாட்டு வந்தால் சாராயம் ஒழியும் என்று நான் சொல்லவரவில்லை. அது சினிமா வசனம். சாராயம் போலீஸும் நிர்வாகமும் பதில் சொல்லவேண்டிய விஷயம். நான் சொல்வது சின்ன விஷயம்: 5 மணியிலிருந்து 7 மணிவரை ஒரு பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிட, வரலைன்னா "ஏன்டா நேத்து வரல"ன்னு கேட்க, ஒரு ஆள் வேணும். அப்படி ஒருவர் இருபது வருஷம் இங்கே கபடியோ வாலிபாலோ சொல்லிக்கொடுத்து, முப்பது பேர் ஒழுங்காக வேலைக்குப் போனாலும், விருதுக் கணக்கில் அவர் மதிப்பெண் பூஜ்யம். அந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டால் இந்த மாதிரி இடத்துக்கு வாத்தியாராக யார் வருவார்?

மாற்று வழி நம்ம மாவட்டத்திலேயே கல்லில் வெட்டியிருக்கு. திருக்கோவிலூர் கீழூர் கோயில் மாதிரியான இடங்களில் நந்தா விளக்குக் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு அமைப்பு தெரியும். யார் கொடுத்தது, எத்தனை ஆடு (பெரும்பாலும் 96), யார் பொறுப்பில், தினம் எவ்வளவு நெய். 'சாவா மூவாப் பேராடு' என்று அந்த ஆடுகளைச் சொல்வார்கள். ஒன்று செத்தால் இன்னொன்று, எண்ணிக்கை குறையக்கூடாது. விளக்கு வைத்தவரைப் பாராட்டுகிற வரி குறைவு, விளக்கு அணையாமல் இருக்க ஏற்பாடு அதிகம். எங்க துறையிலும் இதே கதைதான்: ஒரு வரி கோட் மாறினாலும் யார், எப்போது, ஏன் என்று பதிவாகும். பத்து வருஷம் கழித்துப் பார்த்தாலும் முதல் வரி எழுதியவர் பெயர் நிற்கும்.

ஆகவே ஒவ்வொரு உள்ளூர்க் குழுவுக்கும் ஒரு பதிவேடு வேண்டும். தொடங்கிய வருஷம், மைதானம், சொல்லிக்கொடுத்தவர்கள், மாவட்டத் தேர்வுக்குக் கைக்காசில் பஸ் டிக்கெட் எடுத்தவர், ஆடிய எல்லோர் பெயரும், தோற்றவர்கள் உட்பட. விழா எடுத்தே ஆகணும்னா எடுக்கலாம். பொன்னாடைக்குப் பதில் இரண்டு பந்து, ஒரு வலை, அவர் பெயரில் வருஷாவருஷம். பேச்சுக்குப் பதில் அந்தப் பதிவேட்டை மைக்கில் முழுசாகப் படிக்கலாம். நேரம் ஆகும், ஆகட்டும்.