பர்னாந்து போர்த்துகீசியரா?

குமணன்சாவடியில் எங்கள் ஃப்ளாட்டுக்கு மேல்மாடியில் இருக்கும் குடும்பத்துக்குத் தூத்துக்குடி பூர்வீகம். கடைசிப் பெயர் பர்னாந்து. எட்டாவது படிக்கும் அவங்க பொண்ணு போன வாரம் வந்து, "அங்கிள், நாங்க போர்ச்சுகல்காரங்களா?" என்று கேட்டாள். வகுப்பில் யாரோ 'ஃபாரினர்' என்று கேலி செய்திருக்கிறார்கள். அவள் தேடிப் பார்த்த குடும்பப்பெயர் இணையதளமும் அதையே சொல்லிவிட்டது. தோற்றம்: ஸ்பெயின், போர்ச்சுகல். பொருள்: துணிச்சலான பயணி. அவ்வளவுதான்.

இந்த மாதிரித் தளங்கள் மீது எனக்கு ரொம்ப நாள் கோபம். சொல் எங்கே பிறந்தது என்பதையும் அதை வைத்திருக்கும் மனிதர் எங்கே பிறந்தார் என்பதையும் ஒரே கட்டத்தில் போட்டுக் குழப்புகிறார்கள். சரி, அவர்கள் கணக்குப்படியே போவோம். 'ஃபெர்னாண்டோ' ஐபீரியச் சொல்லே இல்லை. விசிகோத்துகள் கொண்டுபோன ஜெர்மானியப் பெயர். 'ஃபெர்டினாண்ட்' என்பதும் அதுவேதான். அப்போ போர்த்துகீசியர் எல்லாம் ஜெர்மானியரா?

அதே தளத்தின் வரைபடத்தைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. இலங்கை கருஞ்சிவப்பு. போர்ச்சுகல் வெளிர் நிறம். 'தோற்ற நாட்டில்' ஏன் இவ்வளவு குறைவு என்று அந்தப் பக்கம் ஒரு வரிகூடக் கேட்கவில்லை.

காரணம் இருக்கிறது. போர்ச்சுகலில் ஃபெர்னாண்டோ என்பது முதன்மையாக ஆளுக்கு வைக்கும் பெயர். குடும்பப்பெயர் என்றால் 'ஃபெர்னாண்டஸ்'. கடைசியில் வரும் 'எஸ்' என்பதற்கு 'இன்னாரின் மகன்' என்று அர்த்தம். கோவாவிலும் மங்களூரிலும் நிலைத்தது அந்த வடிவம்தான் (ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ் மங்களூரில் பிறந்தவர்). முத்துக்குளித்துறையிலும் இலங்கையிலும் ஆள்பெயரே குடும்பப்பெயராக உட்கார்ந்துவிட்டது. ஒரு போர்த்துகீசியத் தகப்பன் வழியாக வந்த பெயர் போல இது தெரியவில்லை; ஞானஸ்நானத் தொட்டியருகே கொடுக்கப்பட்ட பெயர் போலத்தான் தெரிகிறது. தனியாக இது ஒரு துப்பு மட்டுமே. ஆனால் வரலாறும் அந்தப் பக்கமே கைகாட்டுகிறது.

முத்துக்குளிப்பு உரிமைக்காக நடந்த சண்டையில் பரதவர்கள் போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடினார்கள். 1535-37 காலத்தில் கடற்கரை ஊர்கள் கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றன. பிரான்சிஸ் சவேரியார் வந்தது அதற்குப் பிறகு, 1542-ல். பர்னாந்து, பெரேரா, மோத்தா, மிராண்டா, மச்சாது எல்லாம் அப்படித் தொடங்கிய வழக்கம். 1658-ல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். கொடுத்தவர்கள் போனார்கள், பெயர்கள் போகவில்லை. நம் நாக்கில் 'ஃப' நிற்காது என்பதால் 'பர்னாந்து' ஆனது. 1869-ல் பிறந்து, வல்லநாட்டிலிருந்து தூத்துக்குடிக்குக் குடிதண்ணீர் கொண்டுவந்தவரைத் தமிழில் குரூஸ் பர்னாந்து என்கிறோம். ஆங்கிலத்தில் அவரே குரூஸ் ஃபெர்னாண்டஸ். ஒரே ஆள்!

கடலுக்கு அந்தப் பக்கம் கதை இன்னும் சிக்கல். நீர்கொழும்பில் பிறந்து தில்மா தேயிலையை உருவாக்கிய மெரில் ஃபெர்னாண்டோ, வேகப்பந்து வீச்சாளர் தில்ஹார ஃபெர்னாண்டோ எல்லாரும் சிங்களவர்கள். பௌத்த ஃபெர்னாண்டோக்களும் உண்டு. சிங்களக் கரையோரக் குடும்பங்களில் 'வர்ணகுலசூரிய' போன்ற குலப்பெயர் முன்னால், ஃபெர்னாண்டோ பின்னால். தமிழகக் கரையிலிருந்து போன பரதரும் அங்கே அதே பெயரோடு இருக்கிறார்கள். 2012 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர்களுக்குத் தனி வரிசையே உண்டு. ஆக இந்தப் பெயரை வைத்து நாடு, மொழி, மதம் ஒன்றையும் அடித்துச் சொல்ல முடியாது. 'லீ' விஷயத்திலாவது சீனச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் வேறு வேறு, ஒலி மட்டும் ஒன்று. இங்கே சொல்லும் ஒன்றேதான், ஆட்கள்தான் வேறு.

எங்கள் தொழிலுக்கும் இதில் பங்கு இருக்கிறது. பெயர்களை ஒலியை வைத்துப் பொருத்த 'சவுண்டெக்ஸ்' என்று ஒரு பழைய முறை. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு மீதியை எண்ணாக்கும். ஃபெர்னாண்டோ, ஃபெர்னாண்டஸ் இரண்டுக்கும் எஃப்655. பர்னாந்து என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் பி655. கோவாக்காரரோடு பொருந்தும், சொந்தத் தாத்தாவோடு பொருந்தாது! இப்படிச் சேர்த்த பட்டியல் மேல் வரைபடம் போட்டு, அதன் மேல் 'உங்கள் வேர்' என்று தலைப்பும் வைத்தால் குழந்தை நம்பத்தானே செய்யும்?

அந்தப் பெண்ணிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "பேரு கப்பல்ல வந்துச்சும்மா, உங்க ஆளுங்க அந்தக் கரையிலேயேதான் இருந்தாங்க" என்றேன். "அப்போ 1535-க்கு முன்னாடி எங்க பேரு என்ன?" என்று கேட்டாள். பாட்டியிடம் கேட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பாட்டி அடுத்த மாதம் ஊரிலிருந்து வருகிறாராம்.