ஒரு மரக்கலமும் நான்கு ஓவியங்களும்

சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே உள்ள குருவிகுளம் வட்டாரம் கரிசல் பூமி. வானம் பார்த்த பயிரும் கண்மாய் நீருமே அதன் வாழ்வு. கடலையும் மரக்கலத்தையும் நாட்காட்டிப் படங்களின் வழியாகவே அறிந்த இல்லங்கள் அங்குப் பலவாக இருத்தல் இயல்பே. அத்தகைய படங்களுக்கும் அங்குப் பஞ்சமில்லை. ஒருபுறம் கோவில்பட்டி, மறுபுறம் சிவகாசி. நாடகத் திரைச்சீலை தீட்டும் தொழிலிலிருந்து வந்து கோவில்பட்டியில் தங்கி, மாணவர் பலரை உருவாக்கி, 1976இல் மறைந்த கொண்டையராஜுவின் ஓவியங்கள் சிவகாசி அச்சகங்களின் வழியே நாடெங்கும் பரவின.

அச்சு நமக்கு ஓவியத்தைத் தந்தது. கூடவே ஒன்றைப் பறித்தும் கொண்டது. சுவரில் தீட்டியதும், தாளில் தீட்டியதும், துணியில் தீட்டியதும் அச்சேறிய பின் ஒரே வழவழப்பைப் பெற்றுவிடுகின்றன. எனவே, 'இஃது எதைப் பற்றிய படம்?' என்று வினவும் நாம், 'எதனால் ஆகிய படம்?' என்று வினவ மறந்தோம். இரண்டாம் வினாவுக்கு விடை காணாமல் முதல் வினாவுக்கு முழு விடை கிடைப்பதில்லை என்பதே நம் கருத்து. நூஹ் நபி (அலை) அவர்களின் கப்பலைக் கொண்டே இதனை ஆராய்வோம்.

இத்தாலிய ஓவியர் மைக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை உரோம் நகரின் சிஸ்டைன் தேவாலய விதானத்தில் தீட்டியவற்றுள் பெருவெள்ளக் காட்சியும் ஒன்று. அஃது ஈரச் சாந்தில் தீட்டப்பட்ட ஓவியம். அன்றன்று பூசிய சுண்ணச் சாந்து உலருமுன் அன்றைய பகுதியை முடித்தாக வேண்டும். நுணுகி இழைக்க அங்கு அவகாசமில்லை. திரண்ட உடல்களும் உறுதியான கோடுகளுமே அம்முறைக்கு ஏற்றவை. கப்பல் தொலைவில் சிறிதாய் நிற்கிறது. குழந்தைகளையும் தட்டுமுட்டுப் பொருள்களையும் சுமந்து குன்றேறும் மாந்தரே முன்னிற்கின்றனர். ஓவியர் பைபிள் வழிநின்று தீட்டியவர்தாம். எனினும், மலை தன்னைக் காக்கும் என நம்பித் தந்தையின் அழைப்பை மறுத்த மகனைத் திருமறையின் ஹூது அத்தியாயத்தில் கண்ட நமக்கு, அக்குன்று நெஞ்சைச் சுடுகிறது.

அக்பரின் அவை ஓவியர் மிஸ்கீன் தீட்டியதாகக் கருதப்படும் படம் ஏறத்தாழ 1590ஆம் ஆண்டினது. இன்று வாஷிங்டனின் ஃப்ரீர் கலைக்கூடத்தில் உள்ளது. தாளின்மீது தடித்த நீர்வண்ணமும் பொன்னும் இட்டுச் செய்தது. கையில் ஏந்திப் பார்க்கும் ஏட்டுப் படத்திற்கு மெல்லிய மயிர்த்தூரிகையே கருவி. ஆதலால் அவர் நம்மைக் கப்பலுக்குள் அழைத்துச் செல்கிறார். ஒவ்வோர் உயிரையும் தனித்தனியே காட்டுகிறார். முன்னவர் அழிவோரைப் பாடினார் எனில், இவர் காக்கப்பட்டோரைப் பாடினார் எனலாம். நபியை உருவமாகத் தீட்டியதை நம்மவர் ஏற்பதில்லை, நாமும் ஏற்கவில்லை. ஆயினும் படைப்புயிர் ஒவ்வொன்றின்மீதும் அத்தூரிகை காட்டும் பரிவைக் காண மறுப்பது நேர்மையாகாது.

அமெரிக்க ஓவியர் எட்வர்ட் ஹிக்ஸ் 1846இல் தைலவண்ணத்தில் தீட்டிய கப்பல் மூன்றாவது. தைலவண்ணம் மெல்ல உலர்வது. ஒரு நிறத்தை மற்றொன்றில் குழைக்க இடந்தருவது. இருண்ட மேகத்தின் கீழ் இணையிணையாய் நடந்துவரும் விலங்குகளின் அமைதி அந்தப் பொறுமையில் பிறந்ததே. ஓர் அச்சுப் படத்தைப் பார்த்தே அவர் இதனைத் தீட்டினார் என்பது, அச்சுப் படமெல்லாம் இழிவு என்பார்க்குத் தக்க மறுமொழி.

நான்காவது, உருவமே இல்லாத மாந்தரை ஏற்றிய கப்பல். துருக்கிய எழுத்தணிக் கலைஞர் அப்துல் காதிர் ஹிஸாரி, ஹிஜ்ரி 1180இல், அதாவது 1766-67இல், மையும் பொன்னும் கொண்டு ஒரு பாய்க்கப்பலை வரைந்தார். அது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. குகைத் தோழர்களாகிய அஸ்ஹாபுல் கஹ்ஃபினருக்கு மரபு வழங்கும் பெயர்களும், அவர்தம் நாய் கித்மீரின் பெயருமே அதன் உடற்பகுதியாய் வளைகின்றன. இது நூஹ் நபியின் கப்பலன்று. ஆயினும் இறையருளால் காக்கப்படுதல் என்னும் பொருள் ஒன்றே. ஓடும் மையும் வளையும் எழுதுகோலும் தந்த வடிவம் அது. சாந்திலோ தைலத்திலோ இது பிறந்திராது.

நான்கினுள் நம் உள்ளத்தை மிகவும் ஈர்ப்பது ஹிஸாரியின் கப்பலே. உருவம் வேண்டாம் என்னும் நெறி கலையை வறளச் செய்யும் என்பார் உளர். அந்நெறியே ஒரு கலைஞரைப் புதிய வழி காணச் செய்தமைக்கு இக்கப்பல் சான்று. எனினும் மற்ற மூன்றையும் தள்ளிவிட்டு இதனைப் போற்றுவோமானால் இதன் அருமையையும் உணரமாட்டோம். ஒப்பிடும்போதன்றோ ஒவ்வொன்றும் எதைச் சொல்ல வல்லது, எதைச் சொல்ல இயலாதது என்பது விளங்குகிறது?

நம் இல்லங்களில் சுவர்ப்படம் என்றால் முற்றாக விலக்குவோர் ஒருசாரார். பள்ளிவாசல் படமாயின் அதன் தரம் பாராமல் மாட்டுவோர் மற்றொரு சாரார். இருசாராரும் பொருளை மட்டுமே காண்கின்றனர். அடுத்த ஆண்டின் நாட்காட்டியை ஆணியில் மாட்டும் போதேனும், 'இதனை எவர், எதன்மீது, எதனால் தீட்டினார்?' என்று நம் பிள்ளைகளோடு சேர்ந்து வினவிப் பார்ப்போமாக.