நீரும் குருதியும் - ஒரு ஹெய்ட்டி நாட்டுப் புதினம்

கடவுள் நம்பிக்கையற்ற ஒருவர் எழுதிய நூல், இறைப்பணியாளராகிய நம்மைத் தலைகுனியச் செய்யக்கூடுமா? கூடும் என்பதற்கு ஜாக் ரூமேனின் 'பனித்துளியின் ஆளுநர்கள்' என்னும் புதினமே சான்று. கரிபியக் கடலிலுள்ள ஹெய்ட்டி நாட்டில் 1907இல் வளமான குடும்பமொன்றில் பிறந்த ரூமேன், 1934இல் அந்நாட்டில் பொதுவுடைமைக் கட்சியைத் தோற்றுவித்தார்; சிறைப்பட்டார்; 1944இல் தம் 37ஆம் வயதில் மறைந்தார். பிரெஞ்சு மொழியில் அமைந்த இப்புதினம் அவர் மறைவுக்குப் பின்னரே அச்சேறியது. லாங்ஸ்டன் ஹியூஸும் மெர்சர் குக்கும் 1947இல் தந்த ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாகவே நாம் இதனைப் படித்தோம்.

தலைப்பு கவிதை போல ஒலித்தாலும், அது உழவர் வழக்கிலிருந்து பிறந்தது. வயல்களுக்குப் பாசன நீரைப் பங்கிட்டு விடும் பொறுப்பாளரை ஹெய்ட்டி மக்கள் இவ்வாறு அழைத்தனர். நம் சிற்றூர்களில் 'நீர்ப்பாய்ச்சி' என்கிறோமே, அவரைப் போன்றவர்.

கதையை உணர அந்நாட்டின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும். கரும்பாலும் காப்பியாலும் பிரான்சைச் செழிக்கச் செய்த அக்குடியேற்றத்தில் 1791இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். 1804 சனவரி முதல் நாள் விடுதலை பெற்ற நாடாயினர். ஆயினும் 1825இல் பிரான்சு போர்க்கப்பல்களை அனுப்பி, தான் இழந்த உடைமைகளுக்கு ஈடாக 15 கோடி பிராங்க் கேட்டது. 1838இல் அது 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. அடிமையாயிருந்தவன் தன் விடுதலைக்குத் தானே விலை கொடுத்தான்! அதற்காக வாங்கிய கடன்களின் சுமை 1947 வரை நீடித்தது. 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படையும் அம்மண்ணை ஆண்டது.

கியூபாவின் கரும்புத் தோட்டங்களில் பதினைந்து ஆண்டுகள் உழைத்துவிட்டு மனுவேல் ஊர் திரும்புகிறான். மலைமரங்களை வெட்டியதால் ஊற்றுகள் வற்றிவிட்டன. நிலத்தகராறில் சிந்திய குருதியால் ஊர் இரு பிரிவாகக் கிடக்கிறது. தாய் தெலீராவோ இறைவனை நோக்கிப் புலம்புகிறாள். மனுவேல் தேடியலைந்து ஊற்றைக் காண்கிறான். ஆனால் அந்நீரை ஊருக்குக் கொணர அனைவரும் கூடி வாய்க்கால் வெட்ட வேண்டும். முரசொலிக்கும் பாட்டுக்கும் இசையப் பலர் சேர்ந்து உழைக்கும் 'கூம்பித்' என்னும் பழைய வழக்கமும் பகையால் அழிந்திருந்தது. ஒப்புரவுக்கு முயன்ற மனுவேலைப் பொறாமை கொண்ட ஒருவன் இரவில் குத்திவிடுகிறான். கொன்றவன் பெயரைச் சொல்லாதே எனத் தாயிடம் வேண்டிக்கொண்டு அவன் உயிர் விடுகிறான்.

இவ்விடத்தில் நாம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்றுநேரம் அமர்ந்திருந்தோம். ஆபேலின் குருதி மண்ணிலிருந்து கூக்குரலிட்டதைத் தொடக்கநூல் கூறுகிறது. இங்கோ சிந்திய குருதி தன்னையே மௌனமாக்கிக் கொள்கிறது. பழிவாங்கல் தொடங்கினால் நீர் வாராது என்பதை மனுவேல் அறிவான். 'கடவுள் நம்மோடு' எனப் பொருள்படும் இம்மானுவேல் என்னும் பெயரின் சுருக்கத்தை இந்நாயகனுக்குச் சூட்டியவர் கடவுளை மறுத்த எழுத்தாளர்!

குறைகளும் உண்டு. மனுவேல் சில இடங்களில் உழவனாகப் பேசாமல் மேடைப் பேச்சாளனாகப் பேசுகிறான். அவன் அன்புகொண்ட அன்னாயீஸ் பெரும்பாலும் அவன் சொல்லைக் கேட்பவளாகவே நிற்கிறாள். மன்றாட்டை வெறும் பணிந்துபோதலாகக் காட்டுவதையும் நாம் ஏற்கவில்லை. புதினமே அதனை மறுக்கிறது. மகனின் இறுதி விருப்பத்தைப் பகைவரிடம் கொண்டு சென்று ஊரை இணைப்பவள், ஓயாமல் இறைவனை அழைத்த அதே தெலீராதான். பழியை நாடாமல் துயரத்தைத் தாங்கும் வலிமை அவளுக்கு எங்கிருந்து வந்தது? ஆசிரியர் விடை கூறவில்லை, வாசகர் ஊகிக்கலாம்.

எனினும் ரூமேனின் குற்றச்சாட்டை எளிதில் தள்ளிவிட இயலாது. 1941-42இல் ஹெய்ட்டித் திருச்சபை, அரசின் துணையோடு, 'மூடநம்பிக்கை ஒழிப்பு' இயக்கம் ஒன்றை நடத்தியது. ஆப்பிரிக்க மூதாதையரிடமிருந்து வந்த வூடூ வழிபாட்டின் முரசுகளும் புனிதப் பொருள்களும் எரிக்கப்பட்டன, மரங்கள் வெட்டப்பட்டன, மக்கள் ஆணையிடுமாறு வற்புறுத்தப்பட்டனர். ரூமேன் அதனைக் கண்டித்து எழுதினார். ஒழிக்கப்பட வேண்டியது மக்களின் வறுமையே என்றார். அதே 1941இல் அப்பண்பாட்டைக் காக்க இனவியல் நிறுவனம் ஒன்றையும் அமைத்தார். நம்மவர் முரசை நெருப்பிலிட்டபோது, நம்பிக்கையற்ற அவர் அம்முரசொலியில் ஒரு மக்களின் உயிரைக் கேட்டார். பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமானவற்றைத் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிவித்தது. அவ்வறிவிப்பைக் காண ரூமேன் உயிரோடு இல்லை.

மனுவேலின் அடக்கத்துக்குக் குருவானவர் வருவதில்லை. ஊரார் ஒருவரே இலத்தீன் மன்றாட்டுகளை விரைந்து ஒப்புவிக்கிறார். நம்மை மிகவும் வருத்திய காட்சி இதுவே. வாய்க்கால் வெட்டும் இடத்திலும் நாம் இல்லை, குழி வெட்டும் இடத்திலும் இல்லை.

இறுதியில் நீர் வருகிறது. வாய்க்காலில் வெள்ளிக்கோடாய் அது மின்னும்போது, அன்னாயீஸ் தெலீராவின் கையைப் பற்றித் தன் வயிற்றின் மேல் வைக்கிறாள். உள்ளே ஒரு புதிய உயிர். மண்ணில் விழுந்து மடிந்த கோதுமை மணி வீணாகவில்லை. மறையுரைகளில் நாம் பலமுறை எடுத்தாண்ட அவ்வுவமையை, அதனை நம்பாத ஒருவரிடமிருந்து மீண்டும் கற்றுக்கொண்டோம்.