உதிர்ந்துகொண்டே ஓடும் நாடா

வில்லியம் பசின்ஸ்கியின் ‘தி டிஸின்டெக்ரேஷன் லூப்ஸ்’ தொகுப்பின் முதல் துண்டை நான் முதலில் கேட்டது ஓர் இரவு, கோட் எழுதிக்கொண்டே. யார், என்ன கதை, எதுவும் தெரியாது. தூரத்தில் யாரோ கொம்பு ஊதுவதுபோல் சில விநாடி மெட்டு. திரும்பத் திரும்ப அதுவே. ‘ஒன்னுமே நடக்கலையே’ என்று விட்டுவிட்டேன். நாற்பது நிமிடம் கழித்து, சும்மா தொடக்கத்துக்கு இழுத்துப் பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு நேரம் ஓடிக்கொண்டிருந்தது அந்த மெட்டு இல்லை, அதன் எலும்புக்கூடு.

நடந்தது இதுதான். 1980களின் தொடக்கத்தில் செய்துவைத்த நாடாச் சுழல்களை 2001 கோடையில் பசின்ஸ்கி டிஜிட்டலுக்கு மாற்றுகிறார். நாடா பழசு. டேப் ஹெட்டைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் காந்தப் பூச்சு கொஞ்சம் உதிர்கிறது. உதிர்ந்த இடத்தில் ஒலி இல்லை. அவர் நிறுத்தவில்லை, உதிர்வதையே பதிவு செய்தார். முதல் துண்டு மட்டும் ஒரு மணி நேரத்துக்கும் மேல்.

பிறகு செப்டம்பர் 11. அன்று மாலை ப்ரூக்ளின் மொட்டைமாடியிலிருந்து அவர் எடுத்த வீடியோவின் புகைக்காட்சிகளே ஆல்பத்தின் அட்டைகளாயின. இசை இறந்தவர்களுக்குச் சமர்ப்பணமானது. என் மனத்தாங்கல் இங்கேதான். அவருடைய துக்கத்தைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் கோபுரங்கள் ஒரே காலையில் விழுந்தன, யாரோ வந்து வீழ்த்தினார்கள். இந்த நாடாவை யாரும் தாக்கவில்லை. காப்பாற்றப் போன கைதான் அதைத் தேய்த்தது. அந்தக் கூர்மையான விஷயத்தை அட்டையின் புகை மூடிவிடுகிறது.

2011இல், பத்தாம் ஆண்டு நினைவு நாளில், நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் ஓர் இசைக்குழு முதல் துண்டை மேடையில் வாசித்தது. நாடா தன்போக்கில் விட்ட மௌனங்களை மனிதர்கள் எண்ணி எண்ணி நிறுத்த வேண்டும். பெரிய உழைப்பு. ஆனால் அவர்களால் நாளைக்கும் வாசிக்க முடியும். நாடாவால் முடியாது.

என் தொழிலில் ஒரு ஃபைல் திறக்கும், அல்லது திறக்காது. நடுவில் முதுமை என்று ஒன்று கிடையாது. இந்த ஆல்பத்தில் இருப்பது முழுக்க அந்த நடுப்பகுதிதான். பின்னணியில் ஓடட்டும் என்று விட்டதால் அதை நான் கவனிக்கவேயில்லை. யோசித்தால், வீட்டில் வயதாகிறவர்களையும் அப்படித்தானே பார்த்துக்கொண்டிருக்கிறோம்?

அட்டையைப் பார்க்காமல் கேளுங்கள். நடுவில் ஒருமுறையாவது முதல் நிமிடத்துக்குப் போய் வாருங்கள்.