நாட்டு நீர்த்திட்டமும் வரட்சிக் காலப் பங்கீடும்

நாடொன்றின் நீர்வளத்தை அளப்பது எளிது. அதனைப் பங்கிடுவது அரிது. இலங்கையின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 1,850 மில்லிமீற்றர். இத்தீவில் 103 ஆற்று வடிநிலங்கள் உள்ளன. இக்கணக்கை மட்டும் நோக்குவோர் இதனை நீர் நிறைந்த நாடென்றே கொள்வர். ஆயினும், தீவின் பெரும்பாகமாகிய உலர்வலயத்திலே மழை சில திங்களுக்குள் பெய்து ஓய்ந்துவிடுகின்றது. எஞ்சிய திங்களில் வாழ்வு தேக்கிய நீரையும் நிலத்தடி நீரையுமே நம்பியுள்ளது. முன்னர் அந்நீரை வயலும் வீடுமே வேண்டி நின்றன. இன்று மின்னிலையமும் நகரமும் தொழிற்சாலையும் உல்லாசப் பயண விடுதியும் வேண்டி நிற்கின்றன. எனவே, நாட்டு நீர்த்திட்டம் எதுவாயினும், அது கட்டிய அணைகளின் தொகையைக் கொண்டு மதிக்கப்படலாகாது. நீர் குறைந்த ஆண்டிலே யார் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதை அது முன்கூட்டியே வகுத்துள்ளதா என்பதே அதற்குரிய உரைகல்லாகும்.

இவ்வுரைகல் புதியதன்று. உலர்வலயத்துக் குளக்கிராமங்களில், சிங்களத்திலே ‘பெத்ம’ என வழங்கும் ஒரு வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகின்றது. குளத்துநீர் வயல்வெளி முழுவதற்கும் போதாதெனக் காணப்படும் போகத்தில், குளக்கட்டை அடுத்துள்ள வயல்களை மட்டும் விதைப்பர். ஆனால், அவ்வயல்களின் சொந்தக்காரர் மட்டுமே விதைப்பதில்லை. கீழ்வயற்காரர் உட்பட அனைவரும் தத்தம் காணியின் அளவுக்கேற்ப அந்நிலத்தை அப்போகத்துக்குப் பகிர்ந்துகொள்வர். நீர் நெடுந்தூரம் ஓடி வீணாவதில்லை. கடைவாய்க்காற்காரர் வெறுங்கையுடன் நிற்பதுமில்லை. இவ்வழக்கத்தின் சிறப்பு இரண்டு. பங்கிடும் முறை வரட்சி வருமுன்னரே எல்லாரும் அறிந்தது. இழப்பு ஒருவர் தலையில் மட்டும் விழாதது. இலங்கையின் குளத்தொடர்க் கிராம அமைப்பை 2017 இல் உணவு விவசாய நிறுவனம் உலக வேளாண் மரபுரிமைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. குளக்கட்டையும் துருசையும் வியந்து போற்றுவோர், அவற்றை இயக்கிய இப்பங்கீட்டு அறத்தை மறந்துவிடுதல் பெருங்குறையாகும்.

மகாவலித் திட்டத்தை இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்த்தல் தகும். 335 கிலோமீற்றர் நீளமான மகாவலி கங்கையை உலர்வலயத்துக்குத் திருப்புதற்கான பெருந்திட்டம், ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் துணையுடன் 1968 இல் உருவாயிற்று. முப்பது ஆண்டுகளில் நிறைவேறவேண்டிய அதனை, 1977 இல் பதவியேற்ற அரசு ஆறு ஆண்டுகளுக்குள் சுருக்க முனைந்தது. பொல்கொல்லைத் திருப்பம் 1976 இல் இயங்கத் தொடங்கியது. விக்டோரியா, கொத்மலை அணைகள் 1985 இல் திறந்துவைக்கப்பட்டன. நெல்லும் மின்னும் இவற்றாற் பெருகின என்பதை மறுப்பார் இலர்.

ஆயினும், பொல்கொல்லையில் ஒரு முரண் உண்டு. அங்கே திருப்பப்படும் நீர் உக்குவெலை மின்னிலையத்தின் வழியாகச் சென்று, பின்னர் கலாவாவி முதலிய குளங்களை அடைகின்றது. திருப்பாது ஆற்றின் வழியே விடப்படின், அதே நீர் விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே ஆகிய மூன்று நிலையங்களையும் இயக்கும். உக்குவெலையின் ஆற்றல் 40 மெகாவாற்று. விக்டோரியா ஒன்றின் ஆற்றலே 210 மெகாவாற்று. ஆகவே, அனுராதபுரத்து வயலுக்குச் செல்லும் நீர் ஓரளவு மின்னிழப்பையும் உடன்கொண்டே செல்கின்றது. இம்முரணை உணர்ந்தமையாலேயே, நீர்ப்பாசனத்தாரும் மின்சாரத்தாரும் ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் ஒரே மேசையில் அமர்ந்து பங்கு பேசும் முறை மகாவலியில் ஏற்பட்டது. அணைகளைக் காட்டிலும் அம்மேசையே இத்திட்டத்தின் மதிப்பு மிக்க படைப்பு எனின் மிகையாகாது.

மேசை ஒன்று இருந்தால் மட்டும் போதாது என்பதை 2023 ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டுச் சிறுபோகத்திலே உடவளவை நீர்த்தேக்கம் வற்றியது. மேலே, அதே வளவை கங்கையில், சமனலவாவியில் மின்னுற்பத்திக்கெனத் தேக்கிய நீர் இருந்தது. அதனை விடுமாறு உழவர் வீதியில் இறங்கிப் போராடினர். விட்டால் தென்பகுதியில் மின்வெட்டு நேருமென மின்சாரத் துறையினர் எச்சரித்தனர். ஈற்றில் ஓகஸ்ட் திங்களில் அமைச்சரவை கூடி நீரை விடத் தீர்மானித்தது. அதற்குள் பயிரின் ஒரு பகுதி அழிந்துவிட்டது. உழவர் கேட்டதும் தவறன்று. மின்சாரத் துறையினர் அஞ்சியதும் தவறன்று. அத்தகைய ஆண்டில் எது முந்தும், முந்தாதவர்க்கு ஈடு யாது என்பதை எல்லாரும் ஏற்கும் விதியாக முன்னரே வகுத்துவையாமையே தவறு. விதியில்லாத இடத்தில் ஆர்ப்பாட்டமே விதியாகிவிடுகின்றது.

குடிநீருக்கே முதலிடம் என்று ஒரு வரி எழுதிவைத்தால் இத்தகைய பிணக்கெல்லாம் தீருமென்று சிலர் கருதுவர். இரணைமடுவின் அனுபவம் அக்கருத்துக்கு மாறானது. கனகராயன் ஆற்று நீரைத் தேக்கும் அக்குளம் கிளிநொச்சியில் ஏறத்தாழ 21,000 ஏக்கர் வயலுக்கு நீரூட்டுகின்றது. ஆயினும், சிறுபோகத்தில் அவ்வயல்களின் ஒரு பகுதிக்கே நீர் எட்டும். 2010 இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் எழுந்த திட்டம், அக்குளத்தைத் திருத்தி அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுசெல்ல எண்ணியது. கிளிநொச்சி உழவர் எதிர்த்தனர். தம் சிறுபோகத்துக்கே போதாத குளத்திலிருந்து மேலும் எடுப்பின், வரண்ட ஆண்டில் இழப்பவர் யார் என்பதே அவர்தம் வினா. அவர்களை அமைதியுறச் செய்யும் விடை கிட்டவில்லை. இதனை வன்னியாருக்கும் குடாநாட்டாருக்கும் இடையிலான பகையெனக் கொள்ளுதல் நுனிப்புல் மேய்தலாகும். இழப்புக்கு ஈடு கூறாத முதலிடம், கேட்போர்க்குப் பறிப்பாகவே தோன்றும். ஈற்றில் திட்டம் கடலை நாடிற்று. தலையடியில் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது. ஆனால், இம்முறையில் ஒரு கன மீற்றர் நீருக்கு ஏறத்தாழ 3 முதல் 4 அலகு மின்சாரம் செல்லும். நீர்ப்பங்கீட்டிலே தீராத வழக்கு மின்கட்டணமாக மாறி வேறு வாயிலால் மீண்டும் வந்து நிற்கின்றது.

குடாநாட்டின் தேவை பொய்யானதன்று. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு அங்கில்லை. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் மழைநீர் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதக்கின்றது. கடல்மட்டத்துக்குமேல் நன்னீர் ஓரடி உயர்ந்திருப்பின், கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழத்துக்கு அது நிற்கும் என்பது அறிவியல் விதி. மேலே ஓரடி குறைய, கீழிருந்து உவர் நாற்பதடி ஏறிவர இடமுண்டாகும். துலாவால் இறைத்த காலத்தில் மனித உழைப்பே இறைப்புக்கு எல்லையிட்டது. நீரிறைக்கும் இயந்திரம் அவ்வெல்லையை நீக்கிவிட்டது. செயற்கை உரமும் கிணற்றருகேயுள்ள மலக்குழிகளும் நைத்திரேற்றைக் கலந்துவிடுகின்றன. பல கிணறுகளில் அது குடிநீருக்குரிய அளவைக் கடந்துள்ளதென 1980 களிலிருந்தே ஆய்வுகள் கூறிவருகின்றன. வெளியிலிருந்து நீர் கோரும் எவரும் தம் கிணற்றுநீரைக் காத்தற்குரிய கட்டுப்பாட்டையும் உடன் ஏற்றல் முறைமையாகும். குளத்துநீருக்கு வட்டவிதானை உண்டு. கிணற்றுநீருக்கு அத்தகைய காவலர் எவருமில்லை.

இக்குறைகளுக்கெல்லாம் சட்டம் இன்மை காரணமன்று. சட்டங்கள் சிதறிக் கிடத்தலே காரணம். 1946 இன் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் வாய்க்காலை நோக்கும். 1964 இல் எழுந்த நீர்வளச் சபை நிலத்தடி நீரை நோக்கும். 1974 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சபை குடிநீரை நோக்கும். 1979 இன் மகாவலி அதிகார சபை தன் பிரதேசத்தை நோக்கும். இவற்றை ஒருங்கிணைக்க முயன்ற தேசிய நீர்வளக் கொள்கையை 2000 ஆம் ஆண்டில் அமைச்சரவை ஏற்றது. ஆனால், நீர் விற்பனைப் பொருளாகும் என்ற அச்சம் நாடெங்கும் எழவே, அது கைவிடப்பட்டது. அவ்வச்சம் இகழத்தக்கதன்று. எடுக்கப்படும் நீரில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு வேளாண்மைக்கே செல்லும் நாட்டில், உழவரின் உடன்பாடின்றி மேலிருந்து இறங்கும் எந்தக் கொள்கையும் நிலைக்காது.

வானம் தரும் அளவை முன்னறிய இயலாதாகலின், பங்கை முன்னரே வரையறுத்தல் கூடாது என்பார் உளர். பெத்ம முறையே அவர்க்கு விடையாகும். அது நீரின் அளவை நிச்சயிப்பதன்று. குறைவைப் பகிரும் விகிதத்தையும் கூடித் தீர்மானிக்கும் ஒழுங்கையும் நிச்சயிப்பது. எனினும், அம்முறைக்கும் ஓர் எல்லையுண்டு. ஒரு குளத்தின்கீழ்க் காணியுள்ளோரே அதிற் பங்காளர். காணியற்றோருக்கும் நகரத்தாருக்கும் அக்கூட்டத்தில் இடமில்லை. ஒவ்வோர் ஆற்று வடிநிலத்திலும் உழவரும் குடிநீர் வேண்டுவோரும் மின்சாரத்தாரும் மீனவரும் ஒருங்கே அமரும் அவை ஒன்று வேண்டும். குளத்தின் நீர்மட்டம் எந்த அளவுக்கு இறங்கினால் யார் பங்கு எவ்வளவு குறையும், விட்டுக்கொடுத்தவர்க்கு யார் ஈடு செய்வர் என்பன மழை நன்கு பெய்த ஆண்டிலேயே அங்கு எழுதப்பட வேண்டும். நிறைந்த குளக்கட்டின்மேல் நின்று பேசுவோர் நியாயம் பேசுவர்; வற்றிய குளத்தின் நடுவே நின்று பேசுவோர்க்குத் தம் பயிரும் தம் குடமுமே கண்ணிற் படும்.