சமையலறைச் சாட்சிகள்

திருவண்ணாமலையில் வாடகை வீடு தேடிய நாட்களில் வாசலுக்கு வாசல் ஒரே கேள்வி: "நீங்க சைவமா?" என் அம்மா கிறிஸ்தவராக மாறியவர். என் பெயரில் அது தெரியாது. பெயரில் தெரியாததை அடுப்பில் கண்டுபிடிக்கத்தான் அந்தக் கேள்வி. கடைசியில், கிரிவலப் பாதைக்கு அருகில் கிடைத்த வீட்டின் உரிமையாளர் அம்மா ஞாயிறுதோறும் எங்கள் சமையலறைச் சன்னல் பக்கம் வந்து நிற்பார்.

அந்த வீட்டில் இருந்தபோதுதான் கார்சியா த ஓர்ட்டாவின் நூலை, மார்க்கம் 1913இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசித்தேன். 1563இல் கோவாவில் அச்சான போர்த்துக்கீசிய நூல் அது. மிளகு, ஏலம், பெருங்காயம், ஊமத்தை என்று நம் நாட்டு மருந்துக் கடைச் சரக்குகளைப் பற்றி ஓர்ட்டாவும் ரூவானோ என்ற கற்பனை விருந்தாளியும் உரையாடுகிறார்கள். பழைய ஆசிரியர்கள் எழுதியதைக் கண்ணால் கண்டதை வைத்து மறுக்கும் துணிச்சலுக்காக இந்நூலைப் புகழ்கிறார்கள். நியாயமான புகழ்தான். ஆனால் எனக்கு உறுத்தியது அந்த வீடு. கூப்பிட்டால் சரக்கை எடுத்துவர அந்தோனியா என்ற பணிப்பெண் வருகிறாள். ஓர்ட்டாவின் சகோதரி கதரீனாவுக்கு அங்கே இடமில்லை.

ஓர்ட்டாவின் பெற்றோர், 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்கள். போர்த்துக்கல் 1497இல் யூதர்களைக் கட்டாயமாகக் கிறிஸ்தவர்களாக்கியது. ஞானஸ்நானம் பெற்ற பிறகும் 'புதுக் கிறிஸ்தவர்' என்ற பெயர் தலைமுறைகளைத் தாண்டி ஒட்டிக்கொண்டது. ஸ்பெயினின் தோலேதோ நகரம் 1449லேயே, மதம் மாறிய யூதர்களின் வழிவந்தோருக்கு நகரப் பதவிகள் கிடையாது என்று விதித்திருந்தது. பிறப்பை வைத்து ஆளை எடைபோடுவது எப்படி என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஜெபக்கூடமும் ரபியும் நூல்களும் பறிபோன பிறகு, யூத மதம் வீட்டுக்குள்தான் உயிர் பிழைத்தது, பெரும்பாலும் பெண்களின் கையில். மத விசாரணை மன்றமும் அங்கேதான் தேடியது. வெள்ளி மாலை விளக்கேற்றினாளா? சனிக்கிழமை வெளுத்த துணி உடுத்தினாளா? பன்றிக் கொழுப்பை விட்டு எண்ணெயில் சமைத்தாளா? சாட்சி சொல்ல வேலைக்காரிகளும் அண்டை வீட்டாரும் இருந்தார்கள். சாட்சியின் பெயர் குற்றம் சாட்டப்பட்டவளுக்குச் சொல்லப்படாது. வேறெங்கும் எடுபடாத வேலைக்காரியின் சொல் இங்கே எடுபட்டது, இன்னொரு பெண்ணைச் சிக்கவைக்க.

இந்த மன்றம் 1560இல் கோவாவுக்கு வந்தது. ஓர்ட்டா 1568இல் இறந்தார். மறு ஆண்டே கதரீனாவை உயிரோடு எரித்தார்கள். 1580இல் ஓர்ட்டாவின் எலும்புகளையும் தோண்டியெடுத்து எரித்தார்கள். பிறகு இந்து மதத்திலிருந்து மாறியவர்களின் அடுக்களைக்கும் அதே கண்காணிப்பு வந்தது. 1736இல் வந்த ஆணை, வீட்டில் துளசி வளர்ப்பதையும் உப்பில்லாமல் சோறு வடிப்பதையும்கூடத் தடை செய்தது.

கண்டதை மட்டுமே எழுதுவேன் என்றவர், தன் வீட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. அதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு வரி போதும், குடும்பமே சிக்கியிருக்கும். ஆனால் துணிச்சலின் நூல் என்று மட்டும் இதைக் கொண்டாடினால், அந்த மௌனத்துக்கும் மௌனம் காப்பாற்றாத பெண்ணுக்கும் நம் வாசிப்பில் இடமில்லாமல் போகும். மிளகின் வரலாற்றில் ஓர்ட்டாவைச் சேர்ப்பவர்கள், கதரீனாவையும் அந்தோனியாவையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும்.

சன்னலோரம் நின்றவரை மத விசாரணை மன்றத்தோடு ஒப்பிட மாட்டேன். எனக்கு நேர்ந்திருக்கக்கூடிய அதிகபட்சம் இன்னொரு வீடு தேடுவது. ஆனாலும் தேடும் இடம் அதேதான்: பெண்ணின் அடுப்படி.

அந்த வீட்டைக் காலி செய்தபோது ஒன்று தெரிந்தது. பாத்திரம் துலக்க வந்த அக்காவிடம், நாங்கள் என்ன சமைக்கிறோம் என்று அந்த அம்மா வாராவாரம் விசாரித்திருக்கிறார். எங்கள் மீன் சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் போய், அக்கா ஒவ்வொரு முறையும் சொன்ன பதில்: "சாம்பார்தாம்மா."