உருமிக்கு எண் இல்லை

பஹாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மாரியம்மன் கோயில் திருவிழா, இரண்டாம் நாள் சாயங்காலம். தோட்டம் என்று பழக்கதோஷத்தில் சொல்கிறேன். லயங்களில் பாதி பூட்டிக் கிடக்கிறது. பால்மரம் போய் செம்பனை வந்து, செம்பனையில் குலை வெட்டுகிறவர்களும் இப்போது வேறு நாட்டுக்காரர்கள். சாமி கும்பிட வருகிறவர்கள் சிரம்பானிலிருந்தும் நீலாயிலிருந்தும் காரில் வருகிறார்கள். திருவிழா மூன்று நாளைக்கு மட்டும் அது மறுபடி தோட்டம் ஆகிறது.

கூடாரத்தின் ஓரத்தில் ஒரு மேசை. அதன் மேல் லேப்டாப், பக்கத்தில் பதினாறு ரப்பர் கட்டம் வைத்த பேட். ஒரு தம்பி குனிந்து எதையோ திருகிக்கொண்டிருந்தான். அடித்துப் பார்ப்பான், முகம் சுளிப்பான், மறுபடி திருகுவான். பின்னால் நாற்காலியில் இருந்த பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “என்னாப்பா இது, கோழி தீனி கொத்துற மாதிரி கேக்குது.”

“இருங்க பெரியப்பா, இன்னும் செட் பண்ணல.”

அந்த ‘இன்னும் செட் பண்ணல’தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

நம்மிடையே பேட் பற்றிய விமர்சனம் ஒரே வரிதான்: மிஷின் வந்து தோலைக் கொன்றுவிட்டது. இதைச் சொல்கிறவர்கள் யாரும் அந்த மேசைக்குப் போய் அவன் என்ன திருகுகிறான் என்று பார்த்ததில்லை. தப்பைத் தீயில் காய்ச்சுவதை மட்டும் படம் எடுத்துப் போடுவார்கள், ‘நம் மரபு’ என்று. காய்ச்சுவது எதற்கு? மழை ஈரத்தில் தோல் தொய்ந்துவிடும், அனல் காட்டினால் இறுகும், எவ்வளவு இறுகினால் போதும் என்பது அடிக்கிறவன் காதுக்குத் தெரியும். அந்தத் தம்பி செய்துகொண்டிருந்ததும் அதுதான். அவனிடம் நெருப்பு இல்லை, அவ்வளவே.

பேடுக்குள் ஒலி கிடையாது. அழுத்தத்தை உணரும் ஒரு சென்சார் இருக்கிறது. நீங்கள் அடித்ததும் அது கணினிக்கு இரண்டு எண்களை அனுப்புகிறது. ஒன்று எந்தக் கட்டம் என்பது, இன்னொன்று எவ்வளவு வேகமாக அடித்தீர்கள் என்பது. வேகத்துக்கு 1 முதல் 127 வரை இடம். 1983இல் மிடி என்ற பொதுமொழியை வகுத்தவர்கள் மனிதக் கையின் அத்தனை கோபத்தையும் தயக்கத்தையும் இந்த 127 படிகளுக்குள் அடக்கினார்கள். குறைவு என்று தோன்றலாம். ஆனால் நம் திருவிழா மேடைகளில் இந்த 127இல் எத்தனை படி பயன்படுகிறது தெரியுமா? ஒன்று. கடைசிப் படி. ‘ஃபுல் லெவல்’ என்று ஒரு பட்டன் இருக்கும், அதை அமுக்கிவிட்டால் தடவினாலும் 127, குத்தினாலும் 127. எல்லாச் சொல்லும் ஒரே சத்தத்தில். கோழி தீனி கொத்துகிற சத்தம் அங்கேயிருந்துதான் வருகிறது. பெரியவர் காது பொய் சொல்லவில்லை, குற்றவாளியைத்தான் மாற்றிச் சொன்னார்.

ஏன் அந்த பட்டனை அமுக்குகிறார்கள்? சோம்பல் மட்டும் காரணமில்லை. ஆளுயர ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே மேசை. பாஸ் அதிரும்போது பேடும் அதிரும், யாரும் தொடாமலே அது அடித்துக்கொள்ளும். ஒரு கட்டத்தை அடித்தால் பக்கத்துக் கட்டமும் பேசும். இதைத் தடுக்க ‘த்ரெஷோல்ட்’ என்கிற வாசல்படியை உயர்த்த வேண்டும்: இதற்குக் கீழே வரும் அதிர்வைக் கண்டுகொள்ளாதே என்று. உயர்த்தினால் பேய்ச்சத்தம் நிற்கும். கூடவே விரல் நுனியால் தொடுகிற மெல்லிய சொற்களும் செத்துவிடும். அவை இல்லாமல் போன பிறகு, மிச்சமிருப்பதைச் சத்தமாக்குவது ஒன்றுதான் வழி என்று தோன்றும். மேசையை நான்கடி தள்ளிப் போட்டு, அடியில் ஒரு பழைய மெத்தைத் துண்டை வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். சொல்லிப் பார்த்தேன், செய்தான். தாமதம் இன்னொரு வம்பு. லேப்டாப்பில் பஃபர் 1024 என்று கிடந்தால், அடிக்கும் கேட்புக்கும் நடுவே 23 மில்லிசெகண்ட் ஓடிவிடும். எட்டு மீட்டர் தள்ளி ஒருவன் அடிப்பதைக் கேட்கிற மாதிரி. தன் கையையே தூரத்திலிருந்து கேட்டுக்கொண்டு எவன் தாளம் பிடிப்பான்? 256க்கு இறக்கினால் ஆறு மில்லிசெகண்டுக்கு வந்துவிடும்.

இதெல்லாம் சரிசெய்யக்கூடியவை. சரிசெய்ய முடியாத ஒன்று உண்டு.

எந்த எண்ணுக்கு எந்தத் தாளக்கருவி என்று 1991இல் ஒரு பொதுப்பட்டியல் வந்தது, ஜெனரல் மிடி. 35 முதல் 81 வரை, மொத்தம் 47 ஒலிகள். பாங்கோ இருக்கிறது, காங்கா இருக்கிறது, மரகாஸ், குயிரோ, அகோகோ, விசில்கூட இருக்கிறது. தபேலா இல்லை, தவில் இல்லை, பறை இல்லை, உருமி இல்லை. இதில் வேடிக்கை, 78, 79ஆம் எண்கள். குயிக்கா என்ற பிரேசில் கருவிக்கு இரண்டு எண் ஒதுக்கியிருக்கிறார்கள். தோலோடு இணைந்த குச்சியைத் தேய்த்து முனக வைக்கிற கருவி அது. உருமிக்குத் தூரத்துச் சொந்தம். அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்கர்களின் தாளம் அந்தப் பட்டியலுக்குள் ஏறிவிட்டது, ரப்பர் வெட்டக் கொண்டுவரப்பட்டவர்களின் தாளம் ஏறவில்லை. சதி என்று சொல்ல மாட்டேன். அவர்களுடைய இசை உலகச் சந்தைக்கு முன்பே போயிருந்தது, நம்முடையது கோயில் வாசலைத் தாண்டவில்லை.

(அகராதி ‘உறுமி’ என்கிறது. இங்கே பானரில் எல்லாம் உருமி. நான் பானர் கட்சி.)

எண் இல்லாததால் என்ன ஆகிறது? இணையத்தில் யாரோ தொகுத்த ‘ஃபோக் பேக்’ ஒன்றை இறக்கி ஒட்டுகிறார்கள். அதில் உருமி என்பது ஒரே ஒரு ‘டும்ம்’. உருமிக்கு இரண்டு முகம். ஒன்றில் அடி, இன்னொன்றில் வளைந்த குச்சியால் தேய்ப்பு. சாமி வருவது தேய்ப்பில்தான். தேய்ப்பு ஓர் அடி அல்ல, அது நீளுகிற ஒன்று, அழுத்தத்துக்கு ஏற்ப ஏறி இறங்குவது. குச்சியால் அடிக்கிற பழைய வகை பேடுகள் பெரும்பாலும் அடியை மட்டுமே அறியும். விரலால் அமுக்குகிற வகையில் ‘ஆஃப்டர்டச்’ உண்டு, அடித்த பிறகும் விரல் எவ்வளவு அழுத்துகிறது என்பதைத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருக்கும். அதை ஒலியின் உயரத்தோடும் சத்தத்தோடும் கோர்த்துவிட்டால் அமுக்க அமுக்க முனகும். நம் பிள்ளைகள் பலரிடம் இந்த வசதி கையிலேயே இருக்கிறது, அணைத்து வைத்திருக்கிறார்கள்.

இங்கே இலக்கியக்காரர்கள் சிரிக்க வேண்டாம். நம் தோட்டக் கதைகளில் எத்தனையில் ‘உருமி முழங்கியது’ என்று படித்திருக்கிறேன்! உருமி முழங்காது ஐயா. முழங்குவது முரசு. இதுவும் இறக்கி ஒட்டிய ஒலிதான். அதிகாலைப் பனி, பால்வாளி, கங்காணி, சம்சு, கடைசியில் ஒரு மரணம், பின்னணியில் உருமி முழக்கம். எல்லாம் 127இல். ஒரு கதையிலாவது தேய்க்கிறவனின் மணிக்கட்டு வருகிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

மரபுக்காரர்களிடம் ஒரு கேள்வி பாக்கி. தோல் செத்துவிட்டது என்று அழுகிறோமே, அந்தத் தோலை யார் சுமந்தார்கள்? கப்பலில் தப்பு மட்டும் வரவில்லை, தப்படிக்க வேண்டியவன் இவன்தான் என்ற கணக்கும் வந்தது. சாவு வீட்டுக்கு அவனைக் கூப்பிட்ட குரலும் கல்யாணப் பந்தியில் அவனை உட்கார வைத்த இடமும் நமக்குத் தெரியாதா? அந்தக் கருவியின் பெயரிலிருந்து ஆங்கிலேயன் ஒரு வசைச் சொல்லையே செய்துகொண்டு போனான். பேட் வாசிக்கிற பையனை யாரும் ‘எந்த ஆளு’ என்று கேட்பதில்லை. ‘மியூசிக் பண்றாப்ல’ என்கிறார்கள். 2006இல் யோகி பி & நட்சத்திராவின் ‘வல்லவன்’ வந்த பிறகு, பீட் போடுவது வெட்கப்படாமல் வீட்டில் சொல்லக்கூடிய ஆசை ஆனது. ரப்பர் கட்டத்துக்கு ஜாதி இல்லை என்பது சின்ன விஷயமில்லை. நான் பேட் பக்கம் நிற்பதற்கு முதல் காரணம் இதுதான், ஒலி அப்புறம்.

ஆனால் அந்த விடுதலையை ஒரு பட்டனை அமுக்கிக் கெடுத்துக்கொள்வதைத்தான் தாங்க முடியவில்லை. ஜாதி போகட்டும், மணிக்கட்டு ஏன் போக வேண்டும்?

மறுநாள் காலை அந்தப் பெரியவர் வீட்டிலிருந்து உருமியை எடுத்து வந்தார். அவராக எடுத்து வரவில்லை, தம்பி போய் இரண்டு தரம் கேட்டிருக்கிறான். கோயிலுக்குப் பின்னால், ஆள் நடமாட்டம் இல்லாத பக்கம், ஒரு கைப்பேசியை ஸ்டூலில் வைத்துப் பதிந்தார்கள். மெல்ல ஒன்று, நடுத்தரம் ஒன்று, ஓங்கி ஒன்று. ஒவ்வொன்றையும் நாலு தரம், ஏனென்றால் எந்தக் கையும் ஒரே அடியை இரண்டு முறை அடிக்காது. தேய்ப்பு மட்டும் ஏழெட்டு நிமிஷம். “போதுமாப்பா, கை வலிக்குது” என்றார். “இன்னும் ஒண்ணே ஒண்ணு பெரியப்பா, இறங்கி வர்ற மாதிரி.”

சாயங்காலம் வாசித்தான். அபாரம் என்று சொல்ல மாட்டேன். தேய்ப்பில் ஏறுவது சரியாக இருந்தது, இறங்கும்போது சட்டென்று அறுந்தது. அழுத்தம் விடுகிற இடத்தில் வளைவு ரொம்பச் செங்குத்து, அதைச் சாய்க்க வேண்டும். ஓங்கிய அடிக்கும் நடுத்தர அடிக்கும் நடுவே ஒரு பள்ளம் கேட்டது. மூன்றாவது கட்டத்தை அமுக்கும்போதெல்லாம் பின்னால் ஒரு செம்பனை லாரி ரிவர்ஸ் எடுக்கிற பீப் சத்தமும் சேர்ந்து வந்தது. அதை மட்டும் வெட்டாமல் விடச் சொல்லியிருக்கிறேன்.